பொட்டு சிவப்பு, உடம்பு கருப்பு

கேள்வி: விடுமுறைக்குக் குன்னூர் போகிற வழியில், கல்லாறு பழப்பண்ணைப் பக்கம் எடுத்த இரண்டு படங்களை அனுப்பியிருக்கிறேன். இரண்டிலும் கருப்புப் பட்டாம்பூச்சி. முன்னிறகில் வெள்ளைப் பட்டை, பின்னிறகில் சிவப்புப் பொட்டு. இரண்டும் ஒரே இனம்தானா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இல்லை. முதல் படத்தில் இருப்பது கிரிம்சன் ரோஸ். அதன் தலையும் வயிறும் குங்குமத்தில் தோய்த்தெடுத்தது போலச் சிவந்திருப்பதைப் பாருங்கள். இரண்டாவதில் இறகு ஏறக்குறைய அதே அச்சு. உடம்பு மட்டும் அடுப்புக்கரி. அது காமன் மார்மன் இனத்தின் பெண்.

இந்த வேஷத்துக்குக் காரணம் உண்டு. ரோஸின் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று, அதன் நஞ்சை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த நஞ்சுள்ள பட்டாம்பூச்சியை ஒருமுறை கொத்திப் பட்ட பறவை சிவப்புப் பொட்டைக் கண்டாலே விலகிவிடும். மார்மனிடம் அந்த நஞ்சு கிடையாது. அதன் புழு தின்பது எலுமிச்சை, கறிவேப்பிலை போன்ற செடிகளைத்தான். காரமடை வட்டாரத்தில் காடு காடாகக் கறிவேப்பிலை போட்டிருக்கும்போது, பக்கத்துக் கல்லாற்றில் அது கண்ணில் படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மார்மன் பெண்ணின் வேஷம் ஒன்றோடு நிற்பதில்லை. சில பெண்கள் காமன் ரோஸ் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியைப் போல இருக்கும். அவற்றுக்கு வெள்ளைத் திட்டு பின்னிறகில். இன்னும் சில வேஷமே போடாமல் ஆணைப் போலவே திரியும். ஆணுக்கோ கருப்பு இறகின் குறுக்கே ஒரு வெள்ளை வரிசை, அவ்வளவுதான். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார். விதவிதமான இந்தப் பெண்கள் எல்லாம் ஒரே இனம் என்று 1865இல் எழுதி விளக்கியவர் இயற்கையியலாளர் வாலஸ். ஒரு ஆணுக்கு இத்தனை மாதிரி மனைவிகளா என்ற கேலியில்தான், ஒருகாலத்தில் பலதார மணம் செய்துவந்த மார்மன் சமயத்தாரின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது.

பெண்ணுக்கு மட்டும் ஏன் இத்தனை வேஷம்? பூச்சிகளில் ஆண், பெண் உடலமைப்பைத் தீர்மானிக்கும் ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணுவே இதையும் ஆட்டுவிக்கிறது என்று கிருஷ்ணமேக் குந்தேயும் சக ஆய்வாளர்களும் 2014இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள்.

அடுத்த முறை மேலிருந்து இறகை மட்டும் படம் எடுக்காமல், பக்கவாட்டில் குனிந்து உடம்பு தெரிய ஒன்று எடுங்கள். பூச்சி பறந்துவிட்டால் எங்கே போய் முட்டையிடுகிறது என்று கவனியுங்கள்: ஈஸ்வரமூலி என்றால் ரோஸ், கறிவேப்பிலை என்றால் மார்மன். திருப்பூர் வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி இருந்தால் இலையைப் புரட்டிப் பாருங்கள். குருவி எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிட வேண்டாம், மார்மன் குஞ்சுப் புழுவாக இருக்கலாம். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கவைக்கொம்பை நீட்டும், நாற்றமும் வரும்.