இடுப்பு இறங்கியது, எடை இறங்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 48. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 86 கிலோ. நாள் முழுவதும் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மூன்று மாதமாக மாலையில் தோ பாயோ நகரப் பூங்காவில் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். கால்சட்டை தளர்ந்திருக்கிறது, எடையோ ஒன்றரை கிலோதான் இறங்கியது. இந்த நடையால் பயன் உண்டா?
– வாசகர், தோ பாயோ

பதில்: உண்டு. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். கால்சட்டை தளர்ந்ததுதான் நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றுக்குள், ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிவிடுவது அதுவே.

2000ஆம் ஆண்டு கனடாவில் ராபர்ட் ராஸ் குழுவினர் பருமனான ஆண்களிடம் நடத்திய மூன்று மாத ஆய்வு உங்கள் கேள்விக்கே எழுதியதுபோல் இருக்கிறது. ஒரு பிரிவினர் சாப்பாட்டைக் கூட்டாமல், தினமும் சுமார் 700 கலோரி எரியும்படி பயிற்சி செய்தார்கள். ஏழரை கிலோ குறைந்தது. இன்னொரு பிரிவினர் அதே பயிற்சியைச் செய்துவிட்டு, எரித்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை இறங்கவில்லை, ஆனாலும் வயிற்றுக்குள் இருந்த கொழுப்பு கரைந்திருந்தது.

உங்கள் முக்கால் மணி நேர நடையில் எரிவது ஏறத்தாழ 250 கலோரி. நடந்த பசியில் உணவங்காடி நிலையத்தில் ஒரு பரோட்டாவும் தே தாரிக்கும் சாப்பிட்டால் அதற்கு மேலேயே உள்ளே போய்விடும். அப்படிச் சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால், முதலில் பானத்தைப் பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆக்குங்கள். இரவுச் சோற்றில் ஒரு கைப்பிடியைக் குறைத்து, அந்த இடத்தில் காய்கறியும் மீனும் பருப்பும் வையுங்கள். பட்டினி வேண்டாம். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும். நாற்பதைத் தாண்டியவருக்கு அது பெரிய நட்டம்.

தசையைக் காக்க, வாரத்தில் இரண்டு நாள் புளோக்கின் கீழுள்ள உடற்பயிற்சி மூலையைப் பயன்படுத்துங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதும்கூடப் போதும்.

எடையை வாரம் ஒருமுறை பாருங்கள். இடுப்பை மாதம் ஒருமுறை நாடாவால் அளந்து குறித்துவையுங்கள்; ஆசிய ஆண்களுக்கு அது 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. உங்கள் உடல் எடைக் குறியீடு 30ஐ நெருங்குகிறது. ஆசியர்களுக்கு 27.5 தொட்டாலே அபாயம் அதிகம். ஆகவே வேகத்தைக் கூட்டுமுன் பலதுறை மருந்தகத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். ஓய்வெடுத்தும் நெஞ்சு இறுக்கம் விடாவிட்டால் 995ஐ அழையுங்கள். விட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.