குதிரைத்திறனை மட்டும் பார்த்து டிராக்டர் வாங்கலாமா?

மாணவர்களே, செம்பனைத் தோட்டங்களில் குலைகளை ஏற்றிக்கொண்டு மர வரிசைகளுக்கு நடுவே நுழைந்து வரும் சின்ன டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே அளவு டிராக்டரை அமெரிக்காவில் பலர் வேறொரு வேலைக்காக வாங்குகிறார்கள். காட்டு மானுக்குத் தீவனம் பயிரிடத்தான்!

மிசௌரி, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் சொந்தமாகக் காடு வைத்திருப்பவர்கள், மரங்களுக்கு இடையே அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ திருத்தி, குளோவர், ஓட்ஸ், டர்னிப் போன்றவற்றை விதைக்கிறார்கள். வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் அங்கே வந்து மேயும். இப்படிச் செய்பவர்களில் பலர் வேட்டைக்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு இங்கே வேண்டியது அந்த வேலையில் ஒளிந்திருக்கும் இயற்பியல்.

நீங்கள்தான் டிராக்டர் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஒரே உருவத்தில் இரண்டு நிற்கின்றன. இரண்டின் நிறையும் 1,400 கிலோகிராம். ஒன்று 30 குதிரைத்திறன், மற்றொன்று 40. கூடுதல் பணம் கொடுத்து 40-ஐ வாங்கினால் சட்டிக்கலப்பையை இன்னும் பலமாக இழுக்குமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிராக்டரின் எடை சுமார் 14,000 நியூட்டன். நான்கு சக்கரமும் இயங்குகிறது. மென்மையான உழவு மண்ணில் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடி, எடையில் ஏறத்தாழ பாதி என்று கொள்ளுங்கள். ஆக, அது இழுக்கக்கூடிய அதிகபட்ச விசை 7,000 நியூட்டன். அதற்கு மேல் இழுக்க முயன்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று மண்ணைத் தோண்டும். வேர்களும் கற்களும் நிறைந்த காட்டு நிலத்தில் வேகமாக ஓட்ட முடியாது. நொடிக்கு 1.5 மீட்டர் போதும். திறன் என்பது விசை பெருக்கல் வேகம்: 7,000 × 1.5 = 10,500 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். வகுத்தால் 14 குதிரைத்திறன்தான் வருகிறது!

30 குதிரைத்திறன் டிராக்டரும் 14-ஐத்தான் மண்ணில் செலவிட முடிகிறது. 40-ம் அதே 14-ஐத்தான். இழுவைக்குப் பஞ்சம் இயந்திரத்தில் இல்லை, எடையிலும் பிடியிலும் இருக்கிறது. அதனால்தான் அங்கே விவசாயிகள் டயருக்குள் தண்ணீரை நிரப்பி எடை கூட்டுகிறார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைசலையோ பீட்ரூட் வகைச் சாற்றையோ ஊற்றுவதும் உண்டு.

அப்படியானால் குதிரைத்திறன் எதற்குத்தான் பயன்படும்? டிராக்டரின் பின்புறம் பி.டி.ஓ. என்ற சுழல்தண்டு ஒன்று இருக்கும். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது அதன் வழக்கமான வேகம். புதர் வெட்டும் கருவியும் ரோட்டவேட்டரும் இந்தத் தண்டிலிருந்து திறனைப் பெறுகின்றன. ரோட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று மண்ணைக் கொத்துவதால், டிராக்டரைப் பின்னுக்கு இழுப்பதற்குப் பதிலாக முன்னுக்குத் தள்ளுகின்றன. எடை குறைந்த டிராக்டருக்கு இதைவிட நல்ல தோழன் கிடையாது. சட்டிக்கலப்பையோ தன் எடையால்தான் மண்ணில் இறங்கும்; அது கனமானால் அதை இழுக்கும் டிராக்டரும் கனமாக வேண்டும். ஆனால் கல் நிறைந்த நிலத்தில் ரோட்டவேட்டர் கத்திகள் பாடாய்ப் படும். அங்கே சட்டிக்கலப்பைதான் தாக்குப்பிடிக்கும்.

வாங்கும்போது இயந்திரத் திறனைப் பார்த்து மயங்காமல், பி.டி.ஓ. திறன் எவ்வளவு என்று கேளுங்கள். அது எப்போதும் குறைவாகவே இருக்கும். புதர் வெட்டும் கருவிக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்பது அங்குள்ள கைக்கணக்கு. 5 அடிக் கருவிக்கு 25 வேண்டும். அதற்கு ஏறக்குறைய 30 குதிரைத்திறன் இயந்திரம் சரியாக இருக்கும். ரோட்டவேட்டர், டிராக்டரின் வெளிச்சக்கர அகலத்தையாவது மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் உழுத மண்ணில் சக்கரத் தடம் அழுந்திக் கிடக்கும்.

மற்றக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் கலப்பைக்குப் பணம் செலவழித்துவிட்டு, விதைத்த மண்ணை அழுத்தும் உருளையை மறந்துவிடுகிறார்கள். குளோவர் விதை மிகச் சிறியது. ஒரு கிலோவில் லட்சக்கணக்கில் இருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீழே அதிகம் போனால் முளை வெளியே வராது. ரோட்டவேட்டர் பஞ்சுபோல் ஆக்கிய மண்ணில் விதை ஆழத்தில் புதைந்துவிடும். நான் வாங்குவதாக இருந்தால், பெரிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தை உருளைக்கும் மண் பரிசோதனைக்கும் கொடுப்பேன். புளித்த மண்ணாக இருந்தால் ஏக்கருக்கு ஒன்றிரண்டு டன் சுண்ணாம்புத் தூள் போட நேரும். 40 பவுண்டு மூட்டைகளாக வாங்கினால் ஒரு அமெரிக்க டன்னுக்கு 50 மூட்டை! முன்வாளியின் அருமை அப்போது தெரியும்.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. காட்டைத் திருத்தும்போது மரத்தின் அடிக்கட்டையைச் சங்கிலி போட்டு இழுக்க எல்லாருக்கும் ஆசை வரும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைச் சுழல்மையமாகக் கொள்ளுங்கள். நம் டிராக்டரின் ஈர்ப்பு மையம் அதிலிருந்து 0.6 மீட்டர் முன்னால் இருக்கிறது என்போம். எடை முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும் திருப்புத்திறன் 14,000 × 0.6 = 8,400 நியூட்டன் மீட்டர். காய்ந்த கெட்டித் தரையில் பிடி 0.8 வரை கூடலாம். இழுவிசை 11,200 நியூட்டன் ஆகும். சங்கிலியைத் தாழ்வாக, 0.4 மீட்டர் உயரத்தில் உள்ள இழுவைக் கட்டையில் மாட்டினால், பின்னுக்குக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 4,480. ஆபத்தில்லை. 0.9 மீட்டர் உயரத்தில், இருக்கைக்குப் பின்னால் மாட்டினால்? 10,080. முன்சக்கரம் மேலெழுந்து, டிராக்டர் ஓட்டுநர் மேலேயே மல்லாந்து விழும். நாம் ஆசைப்பட்டுத் தேடிய அதே பிடிதான் இங்கே கவிழ்த்துவிடுகிறது! மென்மையான மண்ணாக இருந்தால் சக்கரம் வழுக்கிக் காப்பாற்றியிருக்கும். எல்லாம் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது.

1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இப்படி மல்லாந்து விழுவதற்குப் பெயர்போனது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிய மும்முனை இணைப்பு, கலப்பையின் இழுவையையே முன்சக்கரத்தைக் கீழே அழுத்தும் விசையாக மாற்றியது. 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் அது வெளிவந்தது. இன்று நீங்கள் பார்க்கும் சின்ன டிராக்டர்களின் பின்னாலும் அதே மூன்று கைகள்தான்.

இருக்கைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் இரும்பு வளைவையும் கவனியுங்கள். டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் இடம் விடுவது அதன் வேலை. சுவீடன் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இருக்கை வார் போட்டிருந்தால்தான் ஓட்டுநர் அந்த வளைவின் காப்புக்குள் இருப்பார். சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் இந்த வளைவை மடக்கலாம். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் நுழைய மடக்குவார்கள். தீவன நிலத்துக்குப் போகும் காட்டுப் பாதையில் அப்படிப்பட்ட கிளைகள் நிறைய. கிளையைத் தாண்டியதும் இறங்கி மறுபடி நிமிர்த்தி, ஊசியைச் செருகி, வாரைப் போட வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கிளைகளை முன்னதாகவே வெட்டிவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.