பாரிஸுக்குள் ஒரு கல்கத்தா

கே: ஐரோப்பாவின் புதுமை எழுத்தாளர்களுக்கு இந்தியா மீது மோகம் எப்போது, எப்படி வந்தது?
– செக்கிங் மாஸ்டர், அவிநாசி

ப: 'எப்போது' என்பதைப் பேராசிரியர்களுக்கு விட்டுவிடுவோம். 'எப்படி' என்றால், இங்கே வராததால்! நேரில் பார்த்து மயங்கினார்கள் என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. 1925-ல், கனவையே கலையாக்கிய பாரிஸ் சர்ரியலிஸ்டுகள் இந்தியாவையும் தாண்டி, திபெத்தின் தலாய் லாமாவுக்குத் தங்கள் பத்திரிகையில் ஒரு விண்ணப்பம் அச்சிட்டார்கள், எங்களுக்கு ஞானம் கொடுங்கள் என்று. ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினார்களா என்று கேட்காதீர்கள்.

இதில் உச்சம் பிரெஞ்சு எழுத்தாளர் மார்கரெட் டுராஸ் அம்மையார். சைகோன் பக்கம் பிறந்தவர். 1975-ல் 'இந்தியா சாங்' என்று ஒரு படம் எடுத்தார். கதை 1937-ல், கல்கத்தாவின் பிரெஞ்சுத் தூதர் மாளிகையில் நடக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட ஊரில் பிரான்ஸுக்கு ஏது தூதர்? தலைநகரமும் டெல்லிக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மாளிகையாவது நம்முடையதா என்றால், அது பாரிஸை ஒட்டிய புலோன் பகுதியில் பாழடைந்து கிடந்த ராத்ஸ்சைல்ட் வீடு. ஊதுபத்தி, தலைப்பாகை கட்டிய பணியாள், ஆயிற்று இந்தியா. திரையில் யாரும் வாய் திறப்பதில்லை. வசனமெல்லாம் வெளியிலிருந்து வரும் குரல்கள். அடுத்த வருடம் அதே ஒலிநாடாவை வைத்து, அதே வீட்டின் இடிபாடுகளைக் காட்டி இன்னொரு படமும் எடுத்துவிட்டார். இந்தச் சிக்கனம் நம் கட்பீஸ் வியாபாரிகளுக்கே வராது.

ஆனால் அம்மையார் நேர்மையானவர். தம் ஊர்க்கணக்கு தப்பு என்று 'இந்தியா சாங்' புத்தகத்திலேயே எழுதிவைத்தார். கதையில் கங்கைத் தீவில் நிற்கும் ஓட்டல் உண்மையில் கொழும்பில் இருக்கிறதாம்!

விதிவிலக்காக வந்து பார்த்தவர் கவிஞர் ஆன்றி மிஷோ. 1930-31-ல் தென்னிந்தியா வரை சுற்றி, 1933-ல் 'ஆசியாவில் ஒரு காட்டுமிராண்டி' எழுதினார். காட்டுமிராண்டி அவரேதான். அதில் மயக்கமும் உண்டு, முணுமுணுப்பும் உண்டு. டிக்கெட் எடுத்து வந்தவருக்கு அந்த உரிமை உண்டு என்பது என் கட்சி.

அது கிடக்கட்டும், கனவு கனவு என்று இந்த சர்ரியலிஸ்டுகள் அடித்துக்கொள்கிறார்களே, உங்கள் ஊர் முதலைக்கு ஈடாக ஒரு வரி உண்டா?

கே: ஈஃபில் கோபுரம் போட்ட டி-ஷர்ட் எங்கள் பனியன் யூனிட்டிலிருந்து போகிறது. பிரின்டிங்கில் யாரும் பாரிஸ் போனதில்லை. இது குற்றமா?

ப: அவர்கள் கல்கத்தா எடுத்ததற்கு நீங்கள் பாரிஸ் அடிக்கிறீர்கள். உங்களுடையது துவைத்தாலும் போகக்கூடாது என்று பையர் சோதிக்கிறார். டுராஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கே: எங்கள் ஊர் முதலை என்றீர்களே, எந்த முதலை?

ப: அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது தல வரலாறு. பையன் விழுங்கிய வயதில் வெளியே வரவில்லை; இடையில் கழிந்த வருடங்களுக்கு ஏற்ப வளர்ந்து வந்தான். முதலைக்குள்ளும் காலண்டர் ஓடியிருக்கிறது! பிரெத்தோன் 1924-ல் சர்ரியலிச அறிக்கை எழுதுவதற்குப் பல நூற்றாண்டு முன்னால் சொன்ன கதை. முதலைக் கேள்விகளை இன்னும் அனுப்புங்கள், மற்றவை காத்திருக்கட்டும்.