கருவி தளரினும் கல்வி தளராது

உடம்பும் மனம் முதலிய கரணங்களும் ஆன்மா அறிதற்கும் செய்தற்கும் இறைவனால் உதவப்பட்ட கருவிகளேயன்றி, அவையே ஆன்மாவாகா என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. இதனை நாம் மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். அவரும் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். ஆயினும், ஒரு பிள்ளையின் கை நடுங்கி எழுத்துக் கோணுமிடத்து, கருவியின் குறையைப் பிள்ளையின் குற்றமெனக் கொண்டு கடிந்துரைப்போமாயின், நாம் கற்பித்த பாடத்தை நாமே கற்றிலேம் என்பது பெறப்படும். இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்து தேசத்து இசைவாணியொருவரின் சரிதம் பெரிதும் உதவுமாதலின், அதனை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவர் நம் சமயத்தவரல்லர். நோயோ சமயம் பார்த்து வருவதன்று.

ஜாக்குலின் டு பிரே என்னும் அவ்வம்மையார் 1945 ஆம் ஆண்டு தை மாதம் ஒக்ஸ்போட் நகரிலே பிறந்தார். நான்கு வயதளவில் வானொலியிலே செல்லோ என்னும் வாத்தியத்தின் ஒலியைக் கேட்டு, அதுவே தமக்கு வேண்டுமென்று அன்னையிடம் கேட்டார். செல்லோவாவது வயலின் இனத்ததாய், அதனினும் பெரிதாய், முழந்தாள்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்கப்படும் நரம்புக்கருவி. பியானோ வாசித்தலில் வல்ல அன்னையார் மகளுக்கென்று சிறு சிறு மெட்டுக்களைத் தாமே இயற்றி, அவற்றிற்குப் படமும் வரைந்து கொடுத்து வந்தனர். பிள்ளையின் விருப்பமறிந்து கற்பித்தலுக்கு இஃதொரு நல்ல உதாரணம். பின்னர் வில்லியம் பிளீத் என்னும் ஆசிரியர் அவரைப் பயிற்றினார்.

1961 இல், பதினாறாம் வயதில், இலண்டன் விக்மோர் மண்டபத்தில் அவரது அரங்கேற்றம் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு, எட்வேட் எல்கார் 1919 இல் இயற்றி முடித்த செல்லோ உருப்படியைப் பெரிய வாத்தியக் குழுவோடு வாசித்தார். பாடுவார் குறைந்திருந்த அவ்வுருப்படி அவர் கையாற் புத்துயிர் பெற்றது. 1965 இல், ஜோன் பார்பிரோலி குழுவை நடத்த, அவர் அதனை வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டு இன்றும் கேட்போர் உள்ளத்தை உருக்குகின்றது. 1967 இல் டானியேல் பாரன்போயிம் என்னும் இசைஞரை மணந்தார்.

1971 ஆம் ஆண்டளவில் அவர் விரல்களில் உணர்ச்சி குன்றத் தொடங்கிற்று. சோர்வும் தள்ளாட்டமும் தோன்றின. இவை மனத்தளர்ச்சியின் விளைவென்றே முதலிற் கருதப்பட்டன. தம் வாசிப்பிற் குறை நேர்ந்தபோது, அது தம் மனக்குறையே போலுமென்று அவர் தம்மையே நொந்துகொண்டிருந்தார். 1973 மாசி மாதம் நியூயோர்க் நகரிலே, பிராம்ஸ் என்பாரின் இரட்டைக் கருவி உருப்படியை வாசிக்குங்கால், நரம்பின்மேல் விரல் பட்டதை உணரமாட்டாராய், கண்ணாற் பார்த்துப் பார்த்து விரல் வைத்தனர். அதன்பின் அவர் அரங்கேறி வாசித்திலர். அப்போது அவர்க்கு வயது இருபத்தெட்டு.

அவ்வாண்டு ஐப்பசியிலேதான் நோயின் பெயர் தெரிந்தது. அது மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என்பது. மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைச் சூழ்ந்து மயலின் என்னும் கொழுப்புறையொன்றுண்டு. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சத்தியே மாறுபட்டு அவ்வுறையை அழிக்க, மூளையின் ஏவல் கைகால்களுக்குச் செல்லாது தடைப்படும். இதனை முற்றாக மாற்றும் மருந்து இன்றும் இல்லை. 1993 முதலாக, நோயின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் கிடைத்து வருகின்றன. அவை அவர் காலத்தில் இருந்தில. சோம்பலன்று, மனக்கோளாறன்று, அறியப்படாத உடற்பிணியே அவரை வருத்தியது என்பதை ஆசிரியர்கள் குறித்துக்கொள்க.

கை ஓய்ந்தபின் அவர் செய்ததென்னை? மாணாக்கர்க்குக் கற்பித்தார். வில்லெடுத்து வாசித்துக் காட்ட இயலாமையால், சொல்லாலே இசையின் நுட்பத்தை உணர்த்தினார். அவர் வாசித்த, 1712 இல் ஸ்திராடிவாரி செய்த செல்லோ, பின்னர் யோ-யோ மா என்னும் இசைஞர் கையைச் சேர்ந்தது. வாத்தியம் ஒருபுறம், கை ஒருபுறம் அவரை விட்டு நீங்கியும், கற்ற வித்தை அவரிடத்தே நின்றது. 1987 ஐப்பசியிலே, நாற்பத்திரண்டாம் வயதில், இலண்டனிலே காலமாயினார்.

இதனைக் கேட்கும் பிள்ளை, “அவர் செய்த பாவம் யாது?” என்று வினவக்கூடும். இவ்விடத்தே நாம் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். இன்பதுன்பங்கள் பிராரத்தத்தால் வருவன என்பது நம் கொள்கையே. ஆயின் இன்னார்க்கு இன்ன வினை இன்ன பயனைத் தந்ததென்று வரையறுத்தறிபவன் சிவபெருமான் ஒருவனே. தன் துன்பத்தைப் பொறுத்தற்கும், தன் செயலைத் திருத்தற்கும் தந்த கொள்கையை, பிறன் துன்பத்தை அளக்கும் கோலாகக் கொள்ளுதல் தகாது. நோயாளியை நோக்கி “இது உன் வினை” என்று கூறும் வன்சொல், கூறியவனுக்கே ஆகாமியமாய் ஏறும்.

திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் சரிதத்தை நாம் ஆண்டுதோறும் படிப்பிக்கின்றோம். திருத்தருமபுரத்திலே சம்பந்தப்பிள்ளையார் அருளிய திருப்பதிகத்தின் இசை யாழில் அடங்காதாக, நாயனார் மனம் நொந்து யாழையே உடைக்க ஓங்கினார். பிள்ளையார் அதனைத் தடுத்து, இசையின் பெருமை கருவியின் அளவில் அடங்குவதன்றென்று தேற்றி, இயன்றவளவில் வாசிக்கப் பணித்தருளினார். யாழ் உடைக்கப்படவில்லை; நாயனாரும் இகழப்படவில்லை. கருவியின் எல்லையைக் கண்டவிடத்து ஆசிரியன் செய்யத்தக்கது யாதென்பது இதனால் விளங்கும்.

ஆதலால், ஆசிரியர்காள்! நன்றாக எழுதிய பிள்ளை திடீரெனப் பிழைபட எழுதினால், ஓடிய பிள்ளை இடறி விழுந்தால், பாடிய பிள்ளை குரல் தடுமாறினால், கடியுமுன் விசாரியுங்கள். பெற்றோரை அழைத்துச் சொல்லி, வைத்தியரிடம் அனுப்புங்கள். பிணியுற்ற பிள்ளையைப் பண்ணிசை வகுப்பினின்றும் நீக்காது, பாடமாட்டாதவன் தாளம் போடவும், தாளம் போடமாட்டாதவன் கேட்டுப் பிழை சொல்லவும் இடங்கொடுங்கள். இயன்றவளவில் வாசிக்க என்பதே நாம் கைக்கொள்ளத்தக்க கட்டளை.

திருச்சிற்றம்பலம்.