பாரத்தை இறக்கி வை, வேலையை இறக்கி வைக்காதே

"எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன்னுதான் அக்கா ஜெபிக்கிறேன். ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது."

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கச்சிமார் பலர் என்னிடம் சொல்வது இதுதான். ஒருத்திக்கு மகனின் நீட் மார்க். ஒருத்திக்கு மாமியாரின் டயாலிசிஸ். ஒருத்திக்கு மகளிர் குழுக் கடனில் பாக்கி நிற்கும் தவணை. அவர்கள் ஜெபத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. எதை ஒப்புக்கொடுக்க வேண்டும், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் குழப்பம். அதனால் அவர்களுக்கு எங்கள் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழ்ந்து, அங்கேயே அடக்கமான ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். உனக்கும் சொல்கிறேன் கண்ணு, கேள்.

ஈவ்லின் ஹாரிஸ் 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான குடும்பம், ஓவியம் வரைவதில் ஆசை. முப்பது வயது கடந்தபின் மிஷனரியாக இந்தியா வந்தார். 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு மலையேறினார். இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸே போகிறது. அன்றைக்கு ரோடு கிடையாது. நடக்க வேண்டும், முடியாவிட்டால் டோலி. வாழவந்தியில் கரையானுக்குத் தப்ப உயரமான கால்களின்மேல் கட்டிய வீடு. மலைக்காய்ச்சல் வேறு.

வருஷக்கணக்காக அங்கே ஒருவர்கூட அவர்களோடு சேரவில்லை. பூசாரி எதிர்த்தார், ஊர் அவருக்குப் பயந்தது. கணவனும் மனைவியும் என்ன செய்தார்கள்? காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் யாரும் காலை வைக்காதபடி சுவர் எழுப்பச் சொல்லிக் கொடுத்தார்கள், அந்த நோய் தண்ணீர் வழியாகத்தான் பரவும் என்பதால். பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். ஜனங்கள் மனம் மாறுவது கடவுளின் பாடு. புண்ணைக் கழுவிக் கட்டுவது தங்கள் பாடு. இரண்டுக்கும் நடுவிலான இந்தக் கோட்டை அவர்கள் அழிக்கவே இல்லை.

நீயும் அந்தக் கோட்டைப் போடு, மனசுக்குள் அல்ல, காகிதத்தில். பழைய நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழி. இடப்பக்கம் நீ செய்ய வேண்டியது, வலப்பக்கம் கர்த்தர் பார்த்துக்கொள்ள வேண்டியது. மகனின் பரீட்சை என்றால், அவனை விடியலில் எழுப்புவது, வயிறு நிறையச் சோறு போடுவது, பீஸ் கட்டுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாமல் இருப்பது இதெல்லாம் இடப்பக்கம். மார்க் வலப்பக்கம். கடன் என்றால், குழுத் தலைவியிடம் நேரில் போய் நிலைமையைச் சொல்வது இடப்பக்கம், அவர் மனம் இரங்குவது வலப்பக்கம். ஜெபத்தில் வலப்பக்கத்தைப் பேர் சொல்லிக் கர்த்தரிடம் கொடு. எழுந்ததும் இடப்பக்கத்தில் ஒன்றைச் செய். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நம்மால் ஆகாததை ராத்திரி முழுக்கச் சுமக்கிறோம், ஆகக்கூடியதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் சமாதானம் எங்கிருந்து வரும்?

முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்ஃபுளுவென்சா கொல்லிமலைக்கும் வந்தது. நோயாளிகளை விட்டுவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அண்டாவில் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாக எடுத்துப்போய் ஊட்டினார்கள். அத்தனை வருஷம் எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் அந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். சாகும் தறுவாயில் அந்த மனிதர் தன் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? இவர்களிடம்தான். அந்தப் பிள்ளைகளில் பெண் குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்து வளர்த்தார்கள். மலையில் சபை உருவானது அதற்குப் பிறகுதான். கஞ்சி காய்ச்சியவர்களுக்கு இப்படி நடக்கும் என்று தெரியாது. அன்றைக்குக் கண்முன் இருந்தது பசி, அதற்குக் கஞ்சி வைத்தார்கள். அடுத்த வருஷத்துக் கவலை நெஞ்சை அடைக்கும்போது, "இன்றைக்கு என் கை எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது?" என்று உன்னையே கேட்டுப் பார்.

அடுத்துச் சொல்வதை நம் சபைகளில் யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் எண்ணம். ஒப்புக்கொடுத்தவள் அழக்கூடாது என்று ஒரு பேச்சு நம்மிடையே இருக்கிறது. அழுதால் விசுவாசம் குறைவாம். அப்படி யாராவது உன்னிடம் சொன்னால் கெத்செமனே தோட்டத்தை நினைத்துக்கொள். இயேசு அங்கே எடுத்த எடுப்பில் 'உம்முடைய சித்தம்' என்று சொல்லிவிடவில்லை. பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று முதலில் கேட்டார். அதற்குப் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். ஒரே தரத்திலும் முடியவில்லை, மூன்று தரம் அதையே ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார். தனியாக இருக்கவும் அவர் விரும்பவில்லை, மூன்று சீஷர்களைக் கூட அழைத்துப்போய் விழித்திருக்கச் சொன்னார். தேவகுமாரனுக்கே கேட்பதற்கு நேரமும் துணைக்கு ஆளும் தேவைப்பட்டது என்றால், உனக்குத் தேவைப்படுவதில் என்ன வெட்கம்? ஆகவே முதலில் கேள். வேண்டியதை வெளிப்படையாக, அழுதே கேள். பிறகு அவரிடம் விடு. நம்பிக்கையான ஒரே ஒருத்தியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி உன்னோடு ஜெபிக்கச் சொல். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை.

ஈவ்லின் அம்மாவும் கல்நெஞ்சக்காரி அல்ல. 1923-ல் ஒன்பது வயது மகன் பாலையும் சின்ன மகள் கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டு இந்த மலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் பிரிவில் தனக்குள் ஏதோ செத்துப்போனதாகப் பின்னாளில் அவர் சொன்னார். 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார், வயது 44. செய்தி தந்தியில் இங்கிலாந்து போய்விட்டது. ஆனால் உயிரோடு இருந்தபோது அவர் மகனுக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. மலையையும் மரங்களையும் பார்த்துக் கடவுளைத் துதிக்கும் கடிதங்கள். அம்மா ஊர் திரும்பியபோது அவரைப் பார்த்த பால் திகைத்துப் போனான். முதுகு வளைந்து, முடி நரைத்து, உடைந்து போன ஒரு பெண் கப்பலிலிருந்து இறங்கினார். கர்த்தருக்கு எல்லாவற்றையும் கொடுத்த பெண்தான் அவர். அவருக்கும் துக்கம் அப்படித்தான் இருந்தது. சமாதானம் நாளாக நாளாகத்தான் வந்தது. அதற்குள் உடைந்த மனசோடேயே அவர் மறுபடி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து, கொடுத்த பாரம் திரும்ப உன் மார்பில் உட்கார்ந்திருந்தால், ஒப்புக்கொடுத்தது வீண் என்று எண்ணாதே. மறுபடி கொடு. வார்த்தை வரவில்லை என்றால் 131-ம் சங்கீதத்தை எடு, மூன்றே வசனம். போனை மட்டும் அந்த நேரத்தில் தொடாதே. காலையிலும் போனுக்கு முன்னால் ஜெபம் வரட்டும். இடம் பெரிதல்ல, அடுப்படியில் பால் காயும் நேரம் போதும், தினமும் அதே நேரமாக இருந்தால் சரி. நன்றி சொல்லும்போது பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல் 'நேற்று கரண்ட் வந்ததுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கினதுக்கு' என்று குறிப்பாகச் சொல். பிலிப்பியர் 4-ம் அதிகாரத்தில் பவுல் கவலைப்படாமல் ஸ்தோத்திரத்தோடு கேட்கச் சொல்வது கட்டுண்டு கிடந்த நிலையில். அவருடைய கட்டுகள் அன்றைக்கு அவிழ்ந்துவிடவில்லை.

போன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஈவ்லின் அம்மா தம் கடைசி இருபது வருஷங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. சுருக்கம் விழுந்த அந்த முகத்தைப் பார்த்து மலைச்சனம் மலர்ந்தது, அது அவருக்குப் போதும். நாம் கண்ணாடியை எடுத்துப்போட வேண்டாம். ஆனால் அடுத்தவர் ஸ்டேட்டஸில் வரும் புது வீட்டையும் கல்யாண நகையையும் பார்த்துப் பார்த்து உன்னை அளக்கிறாயே, அதை ஒரு வாரம் மூடி வை. மனசு எவ்வளவு லேசாகிறது என்று நீயே பார்ப்பாய்.

இப்போது கவனமாகக் கேள். எழுபதை நெருங்கும் வயதில் அந்த அம்மாவை ஓய்வுபெறச் சொன்னது அவருடைய மிஷன். மேற்கொண்டு மலைக்கு அனுப்ப மறுத்தது. அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டார். பிறகு யார் சம்பளமும் இல்லாமல் சொந்தமாக மலையேறிவிட்டார். கொல்லிமலையோடு நிற்கவில்லை, கல்வராயன், பச்சைமலை என்று குதிரையில் சுற்றினார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பேர் பெற்றுவிட்ட மகன் பால் வந்து, போதும் அம்மா என்றார். தேவன் கூப்பிடும் இடத்தில் உதவாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்பது அந்த அம்மாவின் கேள்வி. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். கடவுளுக்குக் கீழ்ப்படிந்த அந்தப் பெண் மனிதர் போட்ட எல்லாத் தடைக்கும் கீழ்ப்படியவில்லை.

ஆகையால் கணவன் கை நீட்டினால் அதைப் பொறுத்துக்கொள்வது கர்த்தருடைய சித்தம் என்று எந்தப் பெரிய ஊழியக்காரர் சொன்னாலும் நம்பாதே. அடி வாங்குவதற்குப் பேர் ஒப்புக்கொடுத்தல் அல்ல. 181-க்குப் போன் செய், அரசின் மகளிர் உதவி எண் அது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்றால் டாக்டரிடம் போ. 14416-ல் இலவசமாக மனநல ஆலோசகரிடம் பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஜெபிக்கிறோம் அல்லவா, மனசுக்கும் அப்படித்தான். ஜெஸ்ஸி பிராண்ட் மலையேறும்போது வேதத்தோடு மருந்தையும்தான் கொண்டுபோனார். அவர்கள் போராடிய நரம்புச் சிலந்தி இந்தியாவை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000-ல் அறிவித்தது. ஜெபித்தவர்கள்தான் கிணற்றுக்குச் சுவரும் எழுப்பினார்கள்.

ஈவ்லின் பிராண்ட் 1974-ல், 95-வது வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மலை முழுக்க அவர் பாட்டியாகிப்போயிருந்த காலம் அது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் கண்ணு. அடுத்த ஞாயிறு சபையில் ஒருத்தி உன் கையைப் பிடித்து, சமாதானமே இல்லை என்று சொன்னால், 'ஜெபி, எல்லாம் சரியாகும்' என்று சொல்லி அனுப்பிவிடாதே. உட்கார்ந்து முழுசாகக் கேள். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா, ஒரு வேளை கஞ்சி வேண்டுமா என்று விசாரி. முடிந்ததை அன்றே செய்.