குளிர்காலத்தில் கனி தேடும் பறவைகள்

பெங்களூரில் மார்கழிப் பனி இறங்கியதும், "பறவை பார்க்க எங்கே போகலாம்?" என்று சங்கத்து நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: பழுத்த மரத்தைத் தேடுங்கள், பறவை தானே வரும்.

முதலில் பார்க்க வேண்டியவை ஆல், அரசு, அத்தி. இவற்றின் பூக்கள் காய்க்கு உள்ளேயே இருக்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் உரிய சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. அக்குளவியின் ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் வேறொரு மரத்தில் இளங்காயைக் கண்டாக வேண்டும். ஆகவே இம்மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் காய்ப்பதில்லை. ஒன்று ஓயும்போது மற்றொன்று தொடங்குகிறது. வேறு பழம் அரிதான நாட்களிலும் எங்கோ ஓர் ஆலமரத்தில் பறவைகளுக்குப் பந்தி நடப்பது இதனால்தான்.

கண்டுபிடிப்பது எப்படி? காலை 7 முதல் 9 மணிக்குள் லால்பாக்கிலோ கப்பன் பூங்காவிலோ தரையைப் பார்த்தபடி நடங்கள். சிறு பழங்கள் சிதறிக் கிடந்தால் நின்று அண்ணாந்து பாருங்கள். "குட்ரூ, குட்ரூ" என்று கேட்டால் குக்குறுவான். இலையோடு இலையான பச்சை நிறம், அசைந்தால்தான் தெரியும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் பறப்பது மாங்குயில். இங்கே குளிர்கால விருந்தாளி. இளஞ்சிவப்பு உடலும் கறுப்புத் தலையுமாக ஒரு கூட்டம் ஆரவாரத்தோடு இறங்கினால் அது சோளப்பட்சி, மைனாவின் உறவு. மத்திய ஆசியப் பக்கமிருந்து வந்து, கோடை முற்றுமுன் திரும்பிவிடும்.

பெரிய மரம் இல்லாத தெருவா? சாலையோரச் சிங்கப்பூர் செர்ரியையும் வேலியோர உண்ணிச்செடியையும் கவனியுங்கள். புல்புல்கள் நிச்சயம் வரும்.

சாலையை அகலமாக்க ஓர் ஆலமரத்தை வெட்டும்போது, "பத்துக் கன்று நட்டுவிட்டோம்" என்று கணக்குச் சொல்கிறார்கள். கன்று கனி தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த மரம் பழுத்த மாதத்தில் பறவைகள் எதை உண்ணும்? எச்சத்தின் வழியே அடுத்த ஆலமரத்தை விதைப்பவையும் அவைதானே!

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் தெருவின் ஆல், அரசு, அத்தி மரங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணுங்கள். எந்த மரம் எந்த மாதம் பழுத்தது, எந்தப் பறவை வந்தது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால், ஒரு மரத்துக்காகப் பேச வேண்டிய நாளில் நம்மிடம் ஆதாரம் இருக்கும்.