மூன்று மாடி ஏறிய மூட்டை

அன்புள்ள கண்ணம்மா,

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "கடுமையாக உழைத்தார்" என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் எல்லோருக்கும்தான் நிற்கும். அதைத் தாண்டிப் போன ஒரு மகளைப் பற்றிச் சொல்கிறேன்: சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் வளர்ந்த ஜேட் ஸ்னோ வோங். 'ஐந்தாவது சீன மகள்' என்ற தன்வரலாறு 1950-இல் வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவருடைய அப்பா சீனாவிலிருந்து போய்க் குடியேறியவர். எந்தக் காலத்தில் என்று பார். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக் கூடாது என்று அமெரிக்கா 1882-இல் சட்டம் போட்டது. அது ரத்தாக 1943 ஆயிற்று. ரத்தான பிறகும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். 1943 வரை, குடியேறிய சீனர் குடியுரிமை கேட்கவும் முடியாது. சாதாரணத் தொழிலாளி ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லாததால் சைனாடவுனில் பெரும்பாலும் தனி ஆண்கள். பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பதே பலருக்கு வாய்க்கவில்லை. வெளியே நல்ல வேலை தருவாரும் இல்லை. சலவை, சமையல், தையல் என்று சில தொழில்களே மிஞ்சின. "சீனர்கள் பிறவி உழைப்பாளிகள்" என்று யாராவது மெச்சினால் எனக்கு எரிச்சல் வரும். போக இருந்த வழியையெல்லாம் அடைத்துவிட்டு, மிச்சமிருந்த சந்தில் நடந்தவனின் பொறுமையைப் பாராட்டுவது எவ்வளவு சௌகரியம்!

வோங்கின் அப்பா ஓவரால் தைக்கும் பட்டறை நடத்தினார். ஓவரால் என்பது கூலி வேலைக்காரர்கள் போடும் முரட்டு டெனிம் உடை. அந்தக் காலத்துச் சீனப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே போய் வேலை செய்வது அரிது. இவரோ கிறிஸ்தவர், பெண்ணும் சம்பாதித்துக் குடும்பத்தை உயர்த்தலாம் என்று நம்பியவர். அதனால் கால்மிதி மெஷின்களை அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்ப் போட்டார், நீளத் தையல் போடச் சொல்லிக்கொடுத்தார், மெஷின் பழுதானால் தானே போய்ச் சரிசெய்தார். குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லை. துணியையும் தைத்து முடித்த மூட்டைகளையும் தானே தூக்கிக்கொண்டு, சில வீடுகளுக்கு மூன்று மாடி ஏறி இறங்கினார். "உழைத்தார்" என்ற இடத்தில் இந்த மூட்டையை வைத்துப் பார், ஆள் கண்ணுக்குத் தெரிவார்.

பட்டறையும் வீடும் ஒரே இடம். மெஷின் சத்தத்துக்கு நடுவில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகளுக்குச் சீன எழுத்தும் வரலாறும் கற்பித்தவர் அப்பாவே. தப்பு செய்தால் பிரம்படி. பள்ளியில் வகுப்பைத் தாண்டி உயர்த்தினார்கள் என்று ஓடிவந்து சொன்னாலும் ஒரு பாராட்டு கிடையாது.

ஊரார் பெண்களுக்குப் பிழைப்புக் காட்டிய அந்த மனிதர், சொந்த மகள் கல்லூரிக்குப் பணம் கேட்டபோது இல்லை என்றார். இருக்கும் பணம் ஆண்பிள்ளையின் படிப்புக்கு. மகள் பிறர் வீடுகளில் சமைத்து, வேலைபார்த்துப் படித்து, 1942-இல் மில்ஸ் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பிறகு சைனாடவுன் கடையொன்றின் கண்ணாடி ஜன்னலுக்குள் சக்கரம் போட்டு மண்பாண்டம் வனைந்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம். சீனர்கள் சிரித்தார்கள், வெள்ளைக்காரர்கள் வாங்கினார்கள்.

அப்புறம்தான் அப்பா ஒரு பழைய விஷயத்தைச் சொன்னார். பல வருஷங்களுக்கு முன்னால், ஊருக்குத் திரும்பி வந்துவிடு என்று உறவினர் ஒருவர் எழுதினாராம். மாட்டேன், நம் ஊரில் பெண்களை வைத்திருக்கும் நிலை கேவலமானது, என் பெண்களுக்கு இங்கேயாவது வழி பிறக்கட்டும் என்று இவர் பதில் எழுதினாராம். இத்தனை காலம் மகளுக்கு அது தெரியாது!

படிப்புக்கு மறுத்ததை அந்தப் பதில் கடிதம் அழித்துவிடுகிறதா? என்னைக் கேட்டால், இல்லை. வோங்கும் அழிக்கவில்லை. இரண்டையும் எழுதினார். 'நான்' என்று முன்னால் நிற்பது சீன எழுத்து மரபுக்கு அடக்கமாகாது என்று, தன்னையே 'ஜேட் ஸ்னோ' என்று படர்க்கையில் வைத்து எழுதினார். கோபமும் நன்றியும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்க அந்தத் தள்ளி நின்ற பார்வை உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீ படர்க்கையில் எழுத வேண்டாம். அப்பா விடியற்காலையில் எதைத் தூக்கினார், எந்த வேலை கேட்டுக் கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்தார், வீட்டில் யாருக்கு எதைக் கொடுத்தார், யாருக்கு மறுத்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் கேள், அவர் எனக்கு அண்ணன்தானே. எனக்கு அவர் மறுத்ததும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை